கோபுரம் யாருக்காக?

விஞ்ஞானத்துக்கு வர்க்கம் கிடையாது என்று சிலர் நமக்குப் போதிக்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் விஞ்ஞானத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு வர்க்கம் உண்டு. அமெரிக்க வயல்வெளிகளில் நிற்கும் மைக்ரோவேவ் கோபுரங்களே இதற்குச் சாட்சி.

மைக்ரோவேவ், நேர்கோட்டில் செல்லும் ரேடியோ அலை. ஒரு கோபுரத்தின் கண்ணுக்கு அடுத்த கோபுரம் தெரிய வேண்டும். இடைவெளி 50 கிலோமீட்டர் என்றால், நடுவழியில் பூமியின் வளைவே சுமார் 37 மீட்டர் மேடாக எழுந்து மறைக்கும். 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கு அதற்கு மேலும் சுமார் 15 மீட்டர் திறந்தவெளி வேண்டும். அலைவரிசை எண் உயர உயர, மழை அலையைத் தின்றுவிடும். மலை, மரம், மழை, காற்று அத்தனையையும் கணக்கிட்டே எஞ்சினியர்கள் கோபுரத்துக்கு இடம் குறிக்கிறார்கள். அருமையான உழைப்பு!

1951ல் ஏ.டி. அண்டு டி. கம்பெனி நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை 107 கோபுரங்கள் கொண்ட தொடரை நிறுவியது. செலவு 4 கோடி டாலர். அந்த ஏகபோகக் கம்பெனி தருமத்துக்கு இதைச் செய்யவில்லை, லாபத்துக்கே செய்தது. ஆயினும் சாதாரண மக்களின் டெலிபோன் பேச்சும், டெலிவிஷன் படமும் அதன் வழியே சென்றன. இத்தகைய தொடர்களில் கோபுரங்களை வேண்டுமென்றே சற்று வளைத்து வளைத்து நிறுத்துவார்கள். ஒரு கோபுரத்தைத் தாண்டிச் செல்லும் அலை, அப்பாலுள்ள கோபுரத்தில் புகுந்து குழப்பக் கூடாதல்லவா? அலை மங்கினால் கைகொடுக்க மாற்று வழியும் வைப்பார்கள். பேச்சு அறுந்து போகக் கூடாது என்பதே அங்கே கணக்கு.

இப்போது வேறொரு கணக்கைப் பாருங்கள்.

சிகாகோ வட்டாரத்தில் முன்பேரச் சந்தை. சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவில் நியூஜெர்ஸியில் பங்குச் சந்தைகளின் கம்ப்யூட்டர்கள். ஒரு சந்தையில் விலை அசைந்ததை மற்றதில் பிறர் அறியுமுன் அறிந்தவனுக்குக் கொள்ளை லாபம். 2010ல் ஸ்பிரெட் நெட்வொர்க்ஸ் என்ற கம்பெனி இதற்காகவே, ஏறத்தாழ 30 கோடி டாலர் செலவில் என்று சொல்லப்படுகிறது, கண்ணாடி இழைக் கேபிள் புதைத்தது. போய்வர 13 மில்லி விநாடி, அதாவது விநாடியின் ஆயிரத்தில் 13 பங்கு.

ஆனால் கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. காற்றில் செல்லும் மைக்ரோவேவுக்கு அந்தத் தடை இல்லை. எனவே சில ஆண்டுகளுக்குள் இந்தியானா, ஒஹையோ, பென்சில்வேனியா வழியாக மைக்ரோவேவ் தொடர்கள் போட்டி போட்டு எழுந்தன. நேரம் 9 மில்லி விநாடிக்கும் கீழே இறங்கியது. 2017ல் அந்தக் கேபிள் கம்பெனி 12.7 கோடி டாலருக்கு விலைபேசப்பட்டது!

இங்கே கோபுரங்கள் வளைவதில்லை; முடிந்த மட்டும் நேராக ஓடுகின்றன. மழையில் தொடர் அறுந்தால் அறுந்து போகட்டும், கேபிளுக்குத் திரும்பிக்கொள்ளலாம் என்கிறார்கள். அதே விஞ்ஞானம், அதே எஞ்சினியர்கள். லட்சியம் மட்டும் வேறு. மிச்சமான நேரம் நாலு மில்லி விநாடி. மனிதன் ஒருமுறை கண் இமைக்க அதைப் போல் இருபத்தைந்து மடங்குக்கு மேல் ஆகும். இந்த நேரத்தில் எந்த ஆலையில் ஒரு ஆணி கூடுதலாக உற்பத்தியாயிற்று? எந்த வயலில் ஒரு கதிர் கூடுதலாக விளைந்தது?

சந்தையில் வாங்கல் விற்றல் சுலபமாகிறது என்று வாதாடுகிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் புடிஷும் இரு சகாக்களும் 2015ல் இதற்கு விடை சொன்னார்கள். விநாடிக்குப் பத்து முறை என்பதுபோல், வந்த ஆர்டர்களை எல்லாம் ஒன்றுசேர்த்து ஏலம் நடத்தினால் இந்த வேகப் பந்தயத்துக்கே வேலையில்லை என்றார்கள். அவர்கள் புரட்சிக்காரர்கள் அல்ல, சந்தையை நம்புகிறவர்கள்தான்!

அலைவரிசை எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் அல்ல. அமெரிக்காவிலும் அது சர்க்கார் லைசென்ஸின் பேரில்தான் கிடைக்கிறது. அந்நாட்டின் நாட்டுப்புறங்களில் நல்ல இன்டர்நெட் இணைப்பில்லாத வீடுகள் இன்றும் உள்ளன. அவற்றின் தலைக்கு மேலே சூதாட்டச் செய்தி ஒளிவேகத்தில் பறக்கிறது.

மிகச் சிறந்த திட்டம் என்று எவரேனும் வரைபடத்தை விரித்தால், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: யாருக்குச் சிறந்தது? எஞ்சினியரின் கணக்கில் பிழையில்லை. கணக்கைக் கொடுத்தவன் யார் என்பதில்தான் பிழை இருக்கிறது. மக்களின் அலைவரிசைக்கு, மக்களே கணக்குக் கொடுக்க வேண்டும்.