திரிகைக் கல்லும் தள்ளுவண்டியும்



மாலைத் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, ஆலய வாசலுக்கு எதிரே ஒரு தள்ளுவண்டியில் இட்லி ஆவி பறப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருப்போம். மறுநாள் அந்த வண்டி அங்கே இல்லையென்றால், இன்று விடுமுறை போலும் என்று நினைத்துக் கடந்து போயிருப்போம். ஆனால், பல வேளைகளில் அது விடுமுறை அல்ல. அந்த வண்டி ஆக்கிரமிப்பு அகற்றும் லாரியில் ஏற்றப்பட்டிருக்கும்!

கணவரை இழந்தவர்கள், ஆலை மூடப்பட்டதால் வேலை இழந்தவர்கள், கிராமத்தை விட்டு நகரத்திற்கு வந்தவர்கள் எனப் பலருக்கும் கடைசியாகக் கைகொடுப்பது இந்தத் தள்ளுவண்டிக் கடைதான். தொடங்குவது எளிது, நடத்துவதுதான் கடினம். மாலையில் நான்கு மணி நேர வியாபாரத்திற்கு, முந்தின நாளே அரிசி ஊறப்போட்டு மாவாட்ட வேண்டும். விடியற்காலையில் சந்தைக்குப் போக வேண்டும். ஒரு மழை பெய்தால் மாவு புளித்துவிடும், சட்னி வீணாகிவிடும். ஆனால் தண்டல்காரர் மழையைப் பார்ப்பதில்லை. கையில் ஒன்பதாயிரமோ அதற்கும் குறைவாகவோ கொடுத்துவிட்டு, நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிப்பது நம் நகரங்களில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

இந்நிலையை மாற்ற, கொரோனா காலத்தில், 2020 ஜூன் மாதம் மத்திய அரசு 'பிரதமர் ஸ்வநிதி' திட்டத்தைத் தொடங்கி, பிணையின்றி 10,000 ரூபாய் முதல் கடன் வழங்கியது. 2025 ஆகஸ்டில் இத்திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டு, முதல் கடன் 15,000 ரூபாயாகவும், இரண்டாவது 25,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. மூன்றாவது கடன் 50,000 ரூபாய். இது பாராட்டுக்குரியது. ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. கடன் வாங்கி வண்டி வாங்கியவர், அதை எங்கே நிறுத்துவார்?

இதற்கான பதில் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தில் இருக்கிறது. ஓர் ஊரில் வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பொருட்களைக் கைப்பற்றினால் பட்டியல் கொடுக்க வேண்டும். அழுகும் பொருட்களை அன்றே திருப்பித் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டிற்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், பட்டியலும் இல்லாமல் அறிவிப்பும் இல்லாமல் அடுப்போடு வண்டி தூக்கப்படும்போது, 'இது தவறு' என்று சொல்ல அந்தப் பெண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும், தனியாகச் சொல்லத் துணிவு வருவதில்லை.

நடைபாதை நடப்பவர்களுக்குரியது என்பதும் உண்மையே. முதியவரும் பார்வையற்றவரும் சாலையில் இறங்கி நடக்கும்படி செய்வது நீதியல்ல. ஒரே எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவதும், 2019 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் தாளில் உணவு பரிமாறுவதும் தவறுதான். அதனால்தான் விற்கும் இடம், விற்கக் கூடாத இடம் எனப் பிரிக்கவும் சட்டம் வழி செய்கிறது. ஒழுங்குபடுத்துவது வேறு, ஒழித்துக்கட்டுவது வேறு.

இணைச்சட்ட நூல் 24ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. கடனுக்கு ஈடாக ஒருவருடைய திரிகைக் கல்லை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏனெனில் அது அவருடைய உயிரையே அடகாக வாங்குவதற்குச் சமம். அன்று வீட்டுக்கு அன்றாட உணவு தந்தது திரிகை. இன்று அதே இடத்தில் நிற்பது தள்ளுவண்டி. 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளரின் உரிமைக்காகச் சுற்றுமடல் எழுதினார். 2025இல் பொறுப்பேற்ற நம் திருத்தந்தை, அவரை நினைத்தே 14ஆம் லியோ என்ற பெயரைத் தேர்ந்துகொண்டார். இந்த மரபு வெறும் பெயரோடு நின்றுவிடலாமா?

நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையினரும் நல்மனத்தாரும் ஏழைகளுக்குத் தள்ளுவண்டி வாங்கிக் கொடுப்பதுண்டு. அது அன்புப்பணி. ஆனால் அந்த வண்டி நிற்பதற்கு உரிமை பெற்றுத் தருவதே நீதிப்பணி. நம் அன்பியங்களில் இருக்கும் வியாபாரிகள் கணக்கெடுப்பில் சேர்ந்திருக்கிறார்களா என்று கேட்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய உதவலாம். நகர விற்பனைக் குழுவில் தொண்டு நிறுவனங்களுக்கும் சமூக அமைப்புகளுக்கும் 10 விழுக்காடாவது இடம் உண்டு. நம் சமூகப் பணி மையங்கள் அதற்கு முன்வரலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, திருவிழாவின்போது நம் ஆலய வாசலில் நிற்கும் வண்டிக்காரரை நாம் எப்படி நடத்துகிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

உயிர்த்த ஆண்டவர், இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் கிடைக்காத சீடர்களுக்காகக் கடற்கரையில் கரியடுப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து காத்திருந்தார். நம் தெருமுனையிலும் ஓர் அடுப்பு எரிகிறது. அது அணையாமல் பார்த்துக்கொள்வது நம் கடமையல்லவா? சிந்திப்போம், செயல்படுவோம்.