சாலைக்கு வந்த பணம் தெருவுக்கும் வரட்டும்

மரக்காணம் முதல் புதுச்சேரி வரை 46 கிலோமீட்டர் நான்கு வழிச்சாலைக்கு 2,157 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஏற்றது. நல்ல செய்திதான். ஆனால், சாலை வருகிறது என்றதும் முதலில் ஏறுவது மனை விலை. புதுச்சேரிக்கு வடக்கே உள்ள பொம்மையார்பாளையத்தில் கட்டுமரத்தையும் ஃபைபர் படகையும் நம்பி வாழும் குடும்பம் அந்த விலையை எட்டிப் பிடிக்க முடியாது. மரக்காணம் உப்பளத்தில் கூலிக்குப் போகிறவருக்கும் அதே கதிதான். மழைக்காலத்தில் அவருக்கு வேலையே இல்லை.

பொம்மையார்பாளையத்து மீனவர் தெருக்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை. கடல் பின்வாங்குவதாக இல்லை. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கல் தடுப்புகள் போட்டார்கள். ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்கியது. வடக்கே உள்ள குப்பங்களின் கரை அரித்துப்போனது. அஸ்திவாரத்துக்கு அடியில் மண் போய், பாதித் தரை அந்தரத்தில் தொங்கும் வீடுகளை இந்தக் கரையில் பார்க்கலாம். ஒரு ஊர் தூண்டில் வளைவு கேட்டு வாங்கினால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்கிறது. ஊர் ஊராகக் கேட்டு இதற்குத் தீர்வு வராது. தமிழகம், புதுச்சேரி இரண்டு அரசுகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

வீட்டுக்குப் பணம் இல்லாமல் இல்லை. 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது இலக்கு. ஆனால் அதற்குப் பட்டா வேண்டும். பட்டா இருந்தாலும், லாரி நுழையாத சந்துக்குள் செங்கல்லையும் சிமெண்டையும் தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டும். பள்ளத்தை மண்ணடித்து மேடாக்க வேண்டும். சுவர் எழும்பும் முன்பே கையிருப்பு கரைந்துவிடும். ஃபெஞ்சல் புயலின்போது இதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதைப் பார்த்தவர்கள், வடிகால் இல்லாத இடத்தில் வீடு கட்டச் சொல்ல மாட்டார்கள்.

முதலில் மனையும் தெருவும் தண்ணீரும் சாக்கடையும், வீடு பிறகு. இது புதிய யோசனை அல்ல. 1970களின் பிற்பகுதியில் உலக வங்கிக் கடனுதவியோடு சென்னை அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் இப்படித்தான் செய்தார்கள். சிறுசிறு மனைகளாகப் பிரித்து, சாலை, குழாய், மின்சாரம் கொடுத்து, வீட்டை அவரவர் கையில் விட்டார்கள். மக்கள் முதலில் ஓர் அறை போட்டார்கள், பிறகு மாடி எடுத்தார்கள். இன்று அவை நகரத்தின் சாதாரணத் தெருக்கள். 2000க்குப் பின் அதே சென்னையில், குடிசைவாசிகளைக் குடியமர்த்திய கண்ணகி நகரில் முறை தலைகீழானது. வீடு தயாராக இருந்தது. பிழைப்பும் பள்ளியும் பேருந்தும் எட்டத்தில் இருந்தன. அந்தத் தவறை மீனவர்களிடம் செய்யவே கூடாது. விடியுமுன் கரைக்கு நடந்து போகும் தூரத்தில் மனை இல்லையென்றால் அது அவர்களுக்கு மனையே அல்ல.

ஆகவே நான்கு வழிச்சாலை வேலையோடு சேர்த்தே வருவாய்த் துறை, கரைக்கு எட்டும் தூரத்தில் அரிப்புக்குத் தப்பும் மேட்டு நிலத்தைத் தேடி ஒதுக்க வேண்டும். மாநில அரசு அங்கே வடிகாலையும் குடிநீரையும் முதலில் போட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போடுகிறவர்கள் நலிந்த பிரிவினருக்குப் பத்து சதவீதம் ஒதுக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. விலையேற்றத்தால் லாபம் காண்பவர்கள் அதை மனமுவந்து நிறைவேற்றட்டும். ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. யாருக்கு மனை என்ற பட்டியலில் விதவையரின் பெயரும், ஊர்க் கட்டுப்பாட்டுக்கு வெளியே வாழும் உப்பளத் தொழிலாளியின் பெயரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது அவர்களால்தான் முடியும். கரை அரிப்பில் வீடிழந்தவர்களிலிருந்து அந்தப் பட்டியலைத் தொடங்கி, அடுத்த கிராம சபையிலேயே படித்துக் காட்டட்டும்.