பகடையும் படைக்கணக்கும்

மேசைமீது ஈயத்தாற் செய்த சிறு படைவீரர் பொம்மைகளை அணிவகுத்து, அளவுகோல் வைத்துத் தொலைவு அளந்து, பகடை உருட்டிப் பழம்போர்களை மீண்டும் நடத்திப் பார்க்கும் ஆட்டமொன்று இங்கிலாந்தில் நெடுநாளாக வழங்கி வருகிறது. யார்க், லங்காஸ்டர் எனும் இரு அரசகுலக் கிளையினர் மணிமுடிக்காக 1455 முதல் பொருத 'ரோசாப்பூப் போர்கள்' இவ்வாட்டக்காரர்க்கு மிக உகந்தவை. பெரியோர் சிலர் இதனை வீண் பொழுதுபோக்கென்று ஒதுக்கக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆட்டத்தினும் அதற்கு முன்னர் நிகழும் ஆய்வே நம் கருத்தைக் கவர்கிறது.

கதை புனைவோர் 'கடலெனத் திரண்ட படை' என்றெழுதி அப்பாற் செல்லலாம். ஆட்டம் அமைப்போர்க்கு அவ்வசதி இல்லை. வந்தவர் எத்தனை பேர்? எவ்வழி வந்தனர்? எதை உண்டனர்? விடை காணாமல் ஒரு பொம்மையையும் களத்தில் நிறுத்த இயலாது.

டவுட்டன் போரையே எடுத்துக்கொள்வோம். 1461 மார்ச் 4இல் அரசனாக அறிவிக்கப்பெற்ற நான்காம் எட்வர்டு, அம்மாத இடையில் இலண்டனை நீங்கி வடக்கே சென்று, 29ஆம் நாள், குருத்து ஞாயிறன்று, பனி கொட்டும் வேளையில் லங்காஸ்டர் படையை எதிர்கொண்டான். காற்று யார்க் வில்லாளர்க்குத் துணைநின்றது. எதிரியின் அம்புகள் எட்டாமல் வீழ்ந்தன. மாண்டோர் 28,000 என அக்காலக் கடிதங்களே கூறுகின்றன. அன்றைய இங்கிலாந்தின் மக்கள்தொகையோ முப்பது இலட்சத்துக்கும் குறைவு. மாண்டோரே அத்துணையர் எனின் வந்தோர் எத்துணையர்? விளைச்சலற்ற மார்ச்சு மாதத்தில் அவர்க்கும் குதிரைகட்கும் உணவளித்தது யார்? இவ்வாறு கேட்டுத்தான் இக்கால வரலாற்றாசிரியர் பலரும் அத்தொகையை ஐயுறுகின்றனர்.

இவ்வினா நமக்குப் புதிதன்று. டவுட்டனுக்கு 84 ஆண்டுகள் முன்பே, 1377இல், தமது 'முகத்திமா'வில் இப்னு கல்தூன் இதனை எழுப்பினார். நபி மூஸா (அலை) அவர்களுடன் பாலைவெளியில் ஆறு இலட்சம் வீரர் இருந்தனர் எனும் செய்தியை அவர் ஏற்கவில்லை. அத்துணைப் பெரும்படை அந்நிலத்தில் நகரவோ பொரவோ இடமேது, ஒரு முனையில் நிகழ்வதை மறுமுனை அறிவதெங்ஙனம் என்று வினவினார். சொன்னவர் பெருமையை நோக்காது நிலத்தின் அளவை நோக்கிய அப்பேரறிஞரின் முறையைத்தான், அவர் பெயரையும் அறியாத ஆட்டக்காரர் பலர் கையாள்கின்றனர். நம் வரலாற்று மாணவர் இதனை ஒருமுறையேனும் பயின்று பார்க்கலாம். தேர்வுக்கு ஆண்டுகளை உருப்போடுவதினும் இது நன்று.

எனினும் நமக்கொரு குறை உண்டு. இத்தகைய ஆட்டங்கள் பெரும்பாலானவற்றில், தோற்றோடும் அணியின் பொம்மைகளை மேசையினின்று எடுத்துவிடுவர். அத்துடன் கணக்கு முடிந்தது. டவுட்டனில் பெருங்கொலை தொடங்கியதே அப்பொழுதுதான். 1996இல் அவ்வூரில் கட்டடப் பணியின்போது வெளிப்பட்ட புதைகுழியில், முப்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. மண்டையோடுகள் பலவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக வெட்டுக்காயங்கள். தலைக்கவசமின்றி, தப்பியோடும் நிலையிலோ பிடிபட்ட பின்னரோ இவர்கள் வெட்டுண்டிருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். இறந்தோர் தொகையைக் குறைத்துக் கணிப்பது வேறு. இறந்த வகையை மறைப்பது வேறு. டவுட்டனை மேசைமேல் அமைப்போர், களத்தின் மேற்கே ஓடும் காக் ஓடையையும் தவறாது வரைதல் வேண்டும். ஓடியவர் பலர் மாண்டது அதன் கரையிலும் நீரிலுமே.