கேத்தற் கொதியும் கடுங்குளிர்ப் பரீட்சையும்

நுவரெலியாவிலே கேத்தல் கொதிக்கும்போது நீர் 100 பாகை செல்சியஸை எட்டுவதில்லை. ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. 6,000 அடிக்கு மேல் உயர்ந்த அவ்விடத்தில் காற்றின் அமுக்கம் குறைவு என்பதே காரணம். மலைநாட்டு மாணவர் நன்கறிந்த இவ்வுண்மை மாபெரும் விஞ்ஞானக் கூடங்களிலும் பயன்படும் விதத்தை இவ்வாரம் நோக்குவோம்.

அணுவின் உட்கருவை ஆராய்வதற்கு, நுண்ணிய துணிக்கைகளைப் பெருவேகத்துடன் செலுத்தும் யந்திரமே துணிக்கை ஆர்முடுக்கி. அதன் இதயம் போன்றது குழிவறை என்னும் உலோகக் கலம். கலத்தினுள் செலுத்தப்படும் வானொலி அலை, ஊடே செல்லும் துணிக்கைகளை உந்துகிறது. கலம் செம்பினாலானதாயின் அலையின் சக்தி பெரிதும் சுவரிலே வெப்பமாகி வீணாகும். நியோபியம் என்னும் உலோகமோ, பூச்சியத்துக்குக் கீழே 264 பாகையளவில் மீகடத்தியாகிவிடும். மேலும் குளிரவைத்தால் அந்நட்டம் மிகமிகச் சுருங்கும்.

ஆயினும், செய்த கலம் யாவும் நற்கலமன்று. பரீட்சித்த பின்னரே யந்திரத்திற் பொருத்துவர். இந்தியாவில், இந்தூர் நகரிலுள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் இதற்கான சோதனைக்கூடம் உண்டு.

கிணறு போன்ற ஆழ்ந்த குளிர்கலனுள் குழிவறையைத் தொங்கவிட்டுத் திரவ ஹீலியத்தை நிரப்புவர். அது சாதாரண அமுக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழே 269 பாகையிற் கொதிப்பது. மேலெழும் ஆவியைப் பம்பியால் இழுத்து அமுக்கத்தைக் குறைத்தால், குளிர் 271 பாகைக்குச் செல்லும். நம் கேத்தலின் நியதிதான் அங்கும்!

பின்னர் வானொலி அலையைச் செலுத்தி நிறுத்திவிட்டு, உள்ளே தங்கிய சக்தி எவ்வளவு நேரத்தில் தேய்கிறது என்று அளப்பர். நல்ல கலத்தின் தரக்காரணி ஆயிரங்கோடியை எட்டும். விநாடிக்கு 500 முறை அதிரும் கோயில் மணியொன்றுக்கு இத்தரம் வாய்க்குமாயின், ஒருமுறை அடித்த நாதம் ஒரு மாதம் கழிந்தும் ஓயாதிருக்கும்.

இத்தகைய கலத்தைக் கெடுக்க ஒரு தூசி போதும். வலிய மின்புலத்தில் அத்தூசியிலிருந்து இலத்திரன்கள் பீறிட்டுச் சக்தியைக் குடித்துவிடும். சிறு பழுதுள்ள இடமோ சூடேறி, மீகடத்தும் தன்மையை இழந்துவிடும். ஆதலின் தூசியற்ற அறையில், அதிதூய நீரைப் பேரமுக்கத்திற் பீய்ச்சிக் கழுவிய பின்னரே பரீட்சைக்கு அனுப்புவர்.

தேறாத கலத்தை உடனே எறிந்துவிடுவதுமில்லை. வெப்பமானிகளால் குறையுள்ள இடத்தைக் கண்டறிந்து, மெருகிட்டு, கழுவி, மீண்டும் பரீட்சிப்பர். இரண்டாம் முறை தேறிய கலமும் முதல் முறை தேறியதைப் போலவே யந்திரத்தில் இடம்பெறும். பரீட்சை என்பது ஒதுக்குவதற்கன்று, குறையின் இடத்தைக் காட்டுவதற்கே. பெறுபேற்றுத் தாளை நோக்கி மனங்கலங்கும் மாணவரும், அவரைக் கடியும் பெற்றோரும் இதனைச் சிந்திப்பார்களாக.