கடலில் கலப்பது வீணா?

கொள்ளிடத்தில் வெள்ளம் வரும் ஒவ்வோர் ஆண்டும் அதே புலம்பல் அச்சேறுகிறது: இத்தனை ஆயிரம் கன அடி நீர் வீணாகக் கடலில் கலக்கிறதாம். யார் ஆட்சியில் இருந்தாலும் எதிர்க்கட்சி இதைச் சொல்லும். இந்த ‘வீண்’ யாருடைய கணக்கு?

ஆறு போய்ச் சேர்வதால்தான் கடல் தன் இடத்தில் நிற்கிறது. கடலோர மண்ணுக்கடியில், கனமான உப்புநீரின் மேல் நன்னீர் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி இறங்கினால், அடியிலிருந்து உப்பு ஏறக்குறைய நாற்பது அடி மேலேறும் என்பது நூறாண்டுக்கு முந்தைய நீரியல் கணக்கு. ஆற்றில் நீர் வராத ஆண்டில், மணல் அள்ளிப் பள்ளமாக்கிய படுகை வழியே கடல் உள்ளே வருகிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தபோது டெல்டாவின் கடைமடைக்கு மேலிருந்தும் நீரில்லை, கீழிருந்தும் நல்ல நீரில்லை.

காவிரி நடுவர் மன்றம் 2007இல் 740 டி.எம்.சி.யைப் பங்கு போட்டது. சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்கவே முடியாமல் கடலுக்குப் போய்விடுவதற்கு 4. ஆறு ஆறாக இருப்பதற்குக் கிடைத்தது அவ்வளவுதான். எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் ஒட்டியிருப்பதைச் சாப்பிடும் பெண்ணை நமக்குத் தெரியும். இந்தப் பங்கீடும் நமக்குப் புதிதல்ல.

வறட்சி நிவாரணத்தைப் பாருங்கள். 2017இல் நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய். ஏக்கரே இல்லாத, நடவும் களையெடுப்பும் செய்கிற பெண்ணுக்கு இந்தக் கணக்கில் எந்த வரிசை? கிணறு உப்பானதால் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த நேரத்துக்கு எந்தத் தாசில்தார் மதிப்புப் போட்டார்? கீழ்வெண்மணிக்குப் பிறகு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் போராடி தலித் பெண்களின் பேரில் நிலம் வாங்கித் தந்த அதே நாகைப் பகுதியில்தான், தொண்ணூறுகளில் இறால் பண்ணைகள் கடல்நீரை வயல்களுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தின. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தால் மண்ணிலிருந்து உப்பு எழுந்து போய்விடுமா என்ன?

உப்பு வயலோடு நிற்பதுமில்லை. வங்கதேசக் கடலோரத்தில், குல்னாவின் டாகோப் பகுதியில், கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, மழைக்காலத்தைவிட வறண்ட பருவத்தில் அவர்களுக்கு இரத்தக் கொதிப்பு அதிகம் என்று கண்டது. வறண்ட பருவத்தில்தான் அங்கே குடிநீரில் உப்பு ஏறுகிறது. நம் கடைமடையில் கர்ப்பிணியின் உப்புச் சோற்றைக் குறைக்கச் சொல்லும் செவிலியர், அவள் குடிக்கும் தண்ணீரையும் கேட்க வேண்டும்.

கதவணை கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். கதவுக்கு மேற்கே நீர் தேங்கும், கிணறுகள் தேறும், மறுக்கவில்லை. கதவுக்குக் கிழக்கே, கடலுக்கும் அணைக்கும் நடுவில் இருக்கும் ஊர்களுக்குக் கோடையில் எத்தனை கன அடி திறப்பீர்கள்? அந்த எண்ணைத் திட்ட அறிக்கையிலேயே எழுதுங்கள். எழுதும் முன், அந்த ஊர்களில் குடம் தூக்குகிறவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் வந்து பேசக்கூடிய நேரத்தில்.