யாரை யார் தூக்கி விட்டது?

ராக் இசையை 'உயர்த்திய' இசைத்தட்டு என்று ஒன்றைச் சொல்வார்கள். டீப் பர்ப்பிள் குழு 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் பில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்த கான்செர்டோ. எழுதியவர் குழுவில் ஆர்கன் வாசித்த ஜான் லார்ட். நடத்தியவர் மால்கம் ஆர்னால்ட். அய்ந்து பேர் ஒரு பக்கம், ஒரு பெரிய வாத்தியக் கூட்டமே மறுபக்கம். முதல் பகுதியில் ஆர்க்கெஸ்ட்ரா நெடுநேரம் தனியாகவே வாசிக்கிறது. அதற்கப்புறம்தான் கிதாரும் டிரம்ஸும் உள்ளே நுழைகின்றன. நுழைந்ததும் முட்டல்தான். கேட்க நன்றாகவே இருக்கிறது. இசையோடு எனக்குச் சண்டை இல்லை, அந்த 'உயர்த்திய' என்ற சொல்லோடுதான்.

எதை, எங்கிருந்து, எங்கே உயர்த்தினார்கள்? அய்யா, ராக் யாருடைய பிள்ளை? பருத்திக்காட்டில் முதுகொடிந்த அமெரிக்கக் கறுப்பினத்தாரின் புளூஸ்தான் அதற்குத் தாய். சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற கறுப்புப் பெண் மின்கிதாரைத் தோளில் மாட்டி அதிரவிட்ட காலத்தில் டீப் பர்ப்பிள் ஆட்கள் பால்குடி மறக்காத பிள்ளைகள். 1955இல் சக் பெர்ரி 'மேபலீன்' பாடினார். அந்தப் பாட்டில் ஒரு வரிகூட எழுதாத வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடின் பெயரையும் ஆசிரியராகச் சேர்த்துவிட்டார்கள். அதை நீக்க 1986 வரை ஆனது. கான்செர்டோ நடந்த அதே 1969இல் லெட் செப்பெலின் குழு 'ஹோல் லாட்டா லவ்' வெளியிட்டது. வில்லி டிக்சன் என்ற கறுப்பினப் பாட்டுக்காரர் 1985இல் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் சமரசத்துக்கு வந்தார்கள். ஒரு பக்கம் சொத்தைச் சுருட்டுவது, மறுபக்கம் அதே சொத்துக்குக் கோட்டு மாட்டி 'பாருங்கள், மனுஷனாக்கிட்டோம்' என்பது. இந்த வித்தை நமக்குப் புதுசா? பறையை மேடைக்கு 'ஏற்றிவிட்டதாக' நம்மிடமே வந்து சொல்கிற கனவான்களைப் பார்த்திருக்கிறோமே. சமூகவியல்காரர்கள் சமஸ்கிருதமயமாக்கம் என்று ஒரு பேர் வைத்தார்கள். இது அதனுடைய லண்டன் பதிப்பு.

இன்னொரு பொய்யும் கூடவே வருகிறது. ஜனங்களின் இசையும் ஆர்க்கெஸ்ட்ராவும் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கைகுலுக்கினவாம். வில்லியம் கிராண்ட் ஸ்டில் என்ற கறுப்பர் 1930இல் 'ஆஃப்ரோ-அமெரிக்கன் சிம்பொனி' எழுதினார். அதன் முதல் பகுதியின் கருவே புளூஸ். மூன்றாம் பகுதியில் பாஞ்சோ வருகிறது. 1931இல் ராச்செஸ்டர் பில்ஹார்மானிக் அதை வாசித்தது. ஆல்பர்ட் ஹாலுக்கு 38 வருஷம் முன்னால். தன் ஜனத்தின் பாட்டை யாரிடமும் அனுமதி கேட்காமல் அவர் சிம்பொனியின் நடுவீட்டில் உட்காரவைத்தார். ஸ்டில் பேரைச் சொல்லுங்கள் என்றால் எத்தனை ராக் விமர்சகர்கள் சொல்லுவாங்க?

ஆர்னெட் கோல்மன் கதை இன்னும் கசப்பு. டெக்சாஸில் பிறந்த சாக்ஸபோன்காரர். 'ஸ்கைஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற பெரிய படைப்பைத் தன் குழுவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பதற்காக எழுதினார். 1972இல் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு லண்டனில் பதிவு. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்க விதி குறுக்கே நின்றது. அவருடைய குழு வாசிக்க முடியவில்லை. அவர் ஒருத்தர் மட்டும் தன் சாக்ஸபோனோடு உள்ளே போனார். தொடர்ச்சியாக ஓடவேண்டிய இசையை இசைத்தட்டுக் கம்பெனி 21 துண்டாக நறுக்கி விற்றது. டீப் பர்ப்பிளுக்கு அய்ந்து பேருக்கும் இடம் கிடைத்தது. கோல்மனோடு வந்தவர்களுக்குக் கதவு மூடியிருந்தது. விதி எல்லோருக்கும் பொதுதானே என்பார்கள். பொது விதி யார் காலில் இடறுது என்றுதான் நாம் பார்க்கணும்.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு இழை உண்டு. கான்செர்டோ வாசித்த அதே ராயல் பில்ஹார்மானிக், 1993இல் இளையராஜாவின் சிம்பொனியை வாசித்துப் பதிவு செய்தது. அந்தப் பதிவு வெளிவரவில்லை. 2025 மார்ச்சில் வேறொரு சிம்பொனியை அவர் லண்டனில் அரங்கேற்றினார். இரண்டு தடவையும் இங்கே பேச்சு ஒன்றுதான்: 'லண்டன்காரனே ஒத்துக்கிட்டான்.' எழுபதுகளிலிருந்து வயக்காட்டிலும் டீக்கடையிலும் ஜனங்கள் ஒத்துக்கொண்டது கணக்கிலேயே வரவில்லை! வெள்ளைக்காரன் முத்திரை குத்தினால்தான் இங்கிருக்கும் மேட்டிமைக் காதுகளுக்கு அடைப்பு நீங்குகிறது. ஒரு கலைஞன் தன் ஆசைக்குச் சிம்பொனி எழுதலாம், அது அவன் உரிமை. நான் சொல்வது முத்திரைக்காகக் காத்திருந்த கூட்டத்தை.

டீப் பர்ப்பிளுக்கு உள்ளேயே இந்த உயர்வில் உடன்பாடு இல்லை. கிதார்காரர் ரிச்சி பிளாக்மோருக்கு ஆர்க்கெஸ்ட்ரா வேலை பிடிக்கவில்லை. 1970இல் 'இன் ராக்' வந்தது. வயலினும் கிடையாது செல்லோவும் கிடையாது, சுத்த இரைச்சல். குழுவை உலகம் அறிந்தது அதில்தான்.

அந்தக் கான்செர்டோவின் எழுத்துப் பிரதி 1970க்குப் பிறகு தொலைந்தே போனது. அத்தனை வாத்தியத்துக்கும் எழுதிய தாள் போன இடம் தெரியவில்லை. நெதர்லாந்துக்காரரான மார்கோ டி கூய் என்ற இசையமைப்பாளர் பழைய பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு மறுபடி எழுதினார். 1999இல் அதே ஆல்பர்ட் ஹாலில் மீண்டும் வாசித்தார்கள். தாளில் எழுதாத இசை சாஸ்திரமில்லாத இசை, காதால் கற்றவன் அரைகுறை என்று நம் அப்பன் பாட்டனைப் பார்த்துச் சொன்னவர்கள் இதுக்கு என்ன சொல்லப் போறாங்க?