22 அட்டை, 22 வரி: கிளாஸ்மேட்டுக்கு வாலன்டைன் வீட்டிலேயே செய்யணுமா?

"ஏல, ரெண்டாங்கிளாஸ் புள்ளைக்கு என்னல காதலர் தினம்?"

போன வருஷம் பிப்ரவரியில் வீடியோ காலில் அம்மா கேட்ட கேள்வி. திருநெல்வேலியில் அவருக்குக் காலை காபி நேரம். இங்கே நியூ ஜெர்சியில் எங்களுக்கு ராத்திரி எட்டரை. சாப்பாட்டு மேசை முழுக்க சிவப்புக் காகிதத் துண்டு, மகள் விரலெல்லாம் பசை.

அம்மாவுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் பிப்ரவரி 14-க்கும் காதலுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஒவ்வொரு குழந்தையும் தன் வகுப்பில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு குட்டி அட்டை கொண்டுபோகும். அந்த அட்டைக்கே 'வாலன்டைன்' என்றுதான் பெயர். ஷூ பெட்டியையோ காகிதப் பையையோ அலங்கரித்து, பெயர் எழுதி, ஆளுக்கொரு தபால் பெட்டி வைத்திருப்பார்கள். வரிசையாகப் போய் எல்லா பெட்டியிலும் அட்டையைப் போட்டுவிட்டு, சாயங்காலம் தன் பெட்டியோடு வீட்டுக்கு வருவார்கள்.

இதற்கு ஒரு வாரம் முன்னால் டீச்சரிடமிருந்து வகுப்புப் பெயர்ப் பட்டியல் வரும். கூடவே பல பள்ளிகளில் ஒரு விதியும் வரும்: கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்கணும், இல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாம்.

இந்த விதி ஏன் என்று புரிய ஒரு கார்ட்டூன் போதும். 1975-இல் அமெரிக்க டிவியில் சார்லி பிரவுனின் வாலன்டைன் சிறப்பு நிகழ்ச்சி வந்தது. அட்டைகளை அள்ளிக்கொண்டு வரலாம் என்று பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போவான். ஒன்றுகூட வராது. அதைப் பார்த்த குழந்தைகள் மனசு தாங்காமல் சார்லி பிரவுனுக்கு நிஜமாகவே அட்டை அனுப்பினார்கள். பிடித்தவர்களுக்கு மட்டும் கொடுத்தால் ஒரு பெட்டி நிரம்பி வழியும், இன்னொரு பெட்டி காலியாக வீட்டுக்குப் போகும். எல்லாருக்கும் என்ற விதி அதைத் தடுக்கிறது. நல்ல விதி, எனக்கு அதில் எந்தக் குறையும் இல்லை.

குறை, அந்த விதியை நாம் நிறைவேற்றும் விதத்தில் இருக்கிறது. ஜனவரி பிறந்ததுமே கடைகளில் வாலன்டைன் அட்டைப் பெட்டிகள் வந்துவிடும். டைனோசர், யூனிகார்ன், சூப்பர்ஹீரோ என்று எது வேண்டுமோ இருக்கும். வாசகம் அச்சாகியே வரும். குழந்தை செய்யவேண்டியது கீழே தன் பெயரை எழுதுவது மட்டும். சின்ன வகுப்புகளில் சில டீச்சர்கள், 'பெறுநர் பெயர் எழுத வேண்டாம், அனுப்புநர் போதும்' என்றே சொல்வார்கள். அட்டையை விறுவிறுவென்று போட்டு முடிக்க அதுதான் வசதி. இருபது குழந்தைகளை வைத்துக்கொண்டு பெயர் தேடித் தேடிப் போடுவது லேசான வேலை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்: பெறுநரே இல்லாத வாழ்த்து அது. எல்லாருக்கும் கிடைக்கிறது, யாருக்காகவும் எழுதப்படவில்லை.

அதனால்தான் வீட்டில் செய்யலாம் என்கிறேன். அழகுக்காக இல்லை, செலவு குறையும் என்றும் இல்லை. வெறும் காகிதத்தில் யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. அங்கே என்ன எழுதுவது என்று குழந்தை யோசித்தே ஆகணும்.

சரி, இதிலும் ஒரு பொறி இருக்கிறது. நாங்களே அதில் விழுந்தோம்.

மகள் முதல் வகுப்பு படித்தபோது இன்ஸ்டாவில் பார்த்த டிசைனை வைத்து வேலையை ஆரம்பித்தோம். நான் வெட்டினேன், மனைவி ஒட்டினார், மகள் மினுமினுப்புத் தூள் தூவினாள். ஒன்பது மணிக்கு அவள் சோபாவில் தூங்கிவிட்டாள். நாங்கள் பதினொன்றரை வரை 'அவளுடைய' வாலன்டைனைச் செய்துகொண்டிருந்தோம். மறுநாள் வாட்ஸ்அப் குரூப்பில் மற்ற பெற்றோர்கள் பாராட்டினார்கள். அவளிடம் கேட்டால், யாருக்கு எது கொடுத்தோம் என்றே தெரியவில்லை.

அமெரிக்க வாலன்டைன் வரலாறும் கிட்டத்தட்ட இப்படித்தான். மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டர் நகரத்தில் எஸ்தர் ஹௌலண்ட் என்ற பெண், 1847-இல் மவுண்ட் ஹோலியோக்கில் படிப்பை முடித்தார். அப்பாவுக்கு எழுதுபொருள் கடை. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு லேஸ் காகித வாலன்டைனைப் பார்த்துவிட்டு, இதை நாமே செய்யலாமே என்று வீட்டிலேயே தொடங்கினார். ஆர்டர் அவர் நினைத்ததைவிடப் பல மடங்கு வந்துவிட்டது. தோழிகளைக் கூப்பிட்டு ஒருவர் வெட்ட, ஒருவர் ஒட்ட என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். 1881-இல் தொழிலை ஜார்ஜ் விட்னி என்பவரிடம் விற்றார். கையால் செய்த அட்டை அசெம்ப்ளி லைனுக்குப் போன கதை இது. எஸ்தருக்காவது வருமானம் வந்தது. எங்களுக்கு முதுகுவலிதான் மிச்சம்.

போன வருஷம் முறையை மாற்றினோம். பட்டியலில் 22 பேர். ஒரு நாளைக்கு நாலு அட்டை, ஆறு நாள். காகிதத்தை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் பாதி இதயம் வரைந்து வெட்டி விரித்தால் முழு இதயம். அவள் முதலில் மடிப்புப் பக்கத்தையே வெட்டிவிட்டாள், இரண்டு தனித்தனிப் பாதி கையில் வந்தது. விட்டுவிட்டோம், தானே கண்டுபிடித்தாள். கோணல்மாணலாக இருந்தாலும் நாங்கள் தொடுவதில்லை, எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்துவதில்லை. ஒரே ஒரு விதி: ஒவ்வொருவரைப் பற்றியும் உண்மையான ஒரு வரி. 'யூ ஆர் ஆஸம்' செல்லாது.

முதல் ஒன்பது அட்டை சுலபமாக ஓடியது. தோழிகள், பஸ்ஸில் பக்கத்து சீட், பிறந்தநாள் பார்ட்டிக்கு வந்தவர்கள். அப்புறம் ஒரு பையன் பெயர் வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவன் லைன்ல நிக்கும்போது தள்ளுவான்ப்பா. அவனுக்கு நல்லதா எழுதினா பொய்தானே?"

நியாயமான கேள்வி. நல்லதாக எழுதச் சொல்லவில்லை, உண்மையாகத்தான் எழுதச் சொன்னேன் என்றேன். 'நீ தள்ளுவது எனக்குப் பிடிக்கலை'ன்னு எழுதட்டுமா என்றாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்கென்றே தனி அட்டைகள் இருந்தன. 'வினிகர் வாலன்டைன்' என்று பெயர். பிடிக்காதவர்களைக் கேலி செய்து, பெயர் போடாமல் அனுப்புவார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை, ஐடியா கொடுத்தது போல ஆகிவிடும். தள்ளுவதைப் பற்றி நேரில் அவனிடமோ டீச்சரிடமோ சொல்லணும், அட்டையில் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தாள். கடைசியில் எழுதினாள்: 'நீ கிளாஸிலேயே வேகமாக ஓடுகிறாய்.' அது உண்மைதானாம்.

அதைவிடக் கஷ்டமானது வேறொரு பெயர். ஜனவரியில் புதிதாகச் சேர்ந்த பெண். வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவள், இங்கிலீஷ் இன்னும் சரியாக வராது. "அவளைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா" என்றாள். ஒரு மாசமாக மூன்று பெஞ்ச் தள்ளி உட்கார்ந்திருக்கிற குழந்தை. அந்த அட்டையை மட்டும் வெறுமையாக எடுத்து வைத்தோம். இரண்டு நாள் கழித்து ஸ்கூல் விட்டு வந்ததும், ஷூ கழற்றுவதற்கு முன்னாலேயே சொன்னாள்: "அப்பா, அவ நோட்டு பின்னாடி முழுக்க குதிரையா வரைஞ்சு வச்சிருக்கா."

பெட்டி அட்டை வாங்கியிருந்தால் அந்தப் பெண்ணுக்கும் ஒரு டைனோசர் கிடைத்திருக்கும். பட்டியல்படி யாரையும் விடவில்லை என்று நாங்களும் நிம்மதியாக இருந்திருப்போம்.

எல்லாருக்கும் இதற்கு நேரம் இருக்குமா? இருக்காது. ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு, இரண்டு பிள்ளைகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் போய் காகிதம் வெட்டு என்று சொல்ல நான் யார்? பெட்டி அட்டை கொடுப்பதில் எந்த அவமானமும் இல்லை. அதன் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். அங்கே நாலு பேருக்காவது ஒரு வரி எழுதச் சொல்லலாம். என்னைக் கேட்டால், பெற்றோர் விடிய விடிய லேஸ் ஒட்டிய அட்டையைவிட இது எவ்வளவோ மேல்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொங்கல் வாழ்த்து மாதிரின்னு சொல்லேன்" என்றார். அதுவும் சரிதான். கடையில் தொங்கும் அட்டைகளில் ரஜினி யாருக்கு, கமல் யாருக்கு, சாமி படம் எந்தச் சித்தப்பாவுக்கு என்று பார்த்துப் பார்த்து எடுப்போம். அச்சடித்த அட்டைதான். ஆனால் ரஜினி ரசிகனுக்குக் கமல் அட்டை போய்விட்டால் அடுத்த பொங்கல் வரைக்கும் பேச்சு கிடையாது.

போன வருஷம் மகள் கொண்டுவந்த பெட்டியில் பெரும்பாலும் கடை அட்டைகள்தான். அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, ஸ்டிக்கர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஓடுகிற பையன் இப்போதும் லைனில் தள்ளுகிறானாம். குதிரைக்காரப் பெண் இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டாள், தோசைக்குத் தேன் கேட்கிறாள்.

இப்போது மூன்றாம் வகுப்பு. இந்த வருஷப் பட்டியல் போன திங்கள்கிழமை வந்தது. 24 பெயர். அதில் ஏழு பேரைத் தெரியாதாம்.